சீப்பா வாரியலா: குமரி வீட்டுக்கு ஒரு காவல் நாய்

முடி கொட்டக்கூடாது, ஆனால் கள்ளன் மதில் ஏறினால் விடவும் கூடாது. நாய் வாங்க நினைக்கிற வீடுகளில் இந்த இரண்டு நிபந்தனையும் ஒரே மூச்சில் வரும். காவலுக்குப் பெயர்போன இனங்களில் பெரும்பாலானவை வருஷம் முழுக்க முடியைக் கொட்டுபவை. முடி கொட்டாது என்று சொல்லி விற்கப்படுபவற்றில் பாதி, மடியில் தூங்கப் பிறந்தவை. இரண்டும் பொருந்தி வருகிற இனங்கள் சில உண்டு. அவற்றையும் குமரி மாவட்டத்தின் மழையும் புழுக்கமும் இன்னொரு தடவை சலித்துவிடும். பெங்களூரில் பளபளவென்று திரிகிற நாய், குலசேகரத்தில் ஆனி மாதம் சொறி பிடித்து நிற்பது அப்படித்தான்.

கொட்டாத முடி எங்கே போகிறது?

எல்லா நாய்க்கும் முடி வளரும், வளர்ச்சி நிற்கும், செத்து விழும். அந்தச் சுற்று எவ்வளவு நீளம் என்பதில்தான் இனத்துக்கு இனம் வேறுபாடு. அல்சேஷன், லாப்ரடார், நம் ஊரில் பொமரேனியன் என்ற பெயரில் வளர்கிற ஸ்பிட்ஸ் ஆகியவற்றுக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு போன்ற கம்பளி. குளிர்நாடுகளில் பகல் நீளம் மாறுவதை வைத்து அந்தக் கம்பளியை வருஷத்துக்கு இரண்டு தடவை மொத்தமாக உதிர்க்கும். கன்னியாகுமரியில் வருஷத்தின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை. அதனால் இங்கே இரண்டு பருவக் கணக்கு பெரிதாக எடுபடுவதில்லை. சொட்டு நீர்ப் பாசனம் மாதிரி பன்னிரண்டு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டே இருக்கும். அல்சேஷன் வளர்க்கிற வீட்டில் ஃபேன் இறக்கையைத் துடைத்துப் பார்த்தால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது.

பூடில், லாசா ஆப்சோ, ஷ்னாசர் வகைகளின் முடி நம் தலைமுடி போல நீண்டகாலம் வளர்ந்துகொண்டே இருக்கும். செத்த முடி தரையில் விழாமல், சுருளிலும் அடர்த்தியிலும் சிக்கி உடம்பிலேயே நின்றுவிடும். சீப்பால் இழுத்து எடுக்காவிட்டால் அது உயிருள்ள முடியோடு பின்னிச் சடையாகும். இங்கே இடவப்பாதியில் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவத்தில்) ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. ஈரம் சடைக்குள் போனால் இரண்டு நாளானாலும் வெளியே வராது. அடியில் தோல் வெந்து, உள்ளங்கை அகலத்துக்கு நீர் கசியும் புண் ஒரே ராத்திரியில் வந்துவிடும்.

மூன்றாவது வகை, ஒற்றை அடுக்கில் ஒட்ட வெட்டியது போன்ற குட்டை முடி. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், டோபர்மேன், நம் நாட்டு நாய் எல்லாம் இதில் அடங்கும். இவற்றுக்கும் முடி கொட்டும், ஆனால் அளவும் குறைவு, நீளமும் குறைவு. தரையை ஒரு தடவை வாரியலால், அதாவது துடைப்பத்தால், கூட்டினால் தீர்ந்தது. ஒரு தொல்லை உண்டு: குட்டை முடி ஊசி மாதிரி சோபாத் துணியிலும் பாயிலும் குத்தி நிற்கும், எளிதில் வராது. நாயைப் படுக்கையில் ஏற விடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆக, தேர்வு சீப்புக்கும் வாரியலுக்கும் நடுவில். வீட்டில் யார் கையில் எது தினமும் ஏறும் என்று பார்த்துவிட்டுத்தான் இனத்தின் பெயருக்கே போக வேண்டும்.

அலர்ஜிக்காக முடி கொட்டாத நாய் தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தும்மலையும் இழுப்பையும் கிளப்புவது முடி இல்லை. நாயின் எச்சில், தோல் செதில், சிறுநீர் ஆகியவற்றில் உள்ள புரதங்கள்தான். நெதர்லாந்தில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், ‘அலர்ஜி தராத’ இனங்கள் என்று சொல்லப்படுபவற்றின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிடக் கூடுதலாகவே இருந்தது. வீட்டில் ஆஸ்துமா இருந்தால், வாங்க நினைக்கிற அதே நாயோடு அந்த ஆள் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரமாவது மூடிய அறையில் இருந்து பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

காவல் என்று எதைச் சொல்கிறோம்

மூன்று வேலைகளை ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஆள் வருவதைக் குரைத்துச் சொல்வது ஒன்று. உருவத்தைக் காட்டித் தயங்க வைப்பது இன்னொன்று. இறங்கித் தடுப்பது மூன்றாவது. பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும் இருக்க, அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீட்டுக்கு முதல் வேலை போதும். இருட்டில் மதில் ஓரம் நிற்கிறவனுக்கு உள்ளே இருப்பது எத்தனை கிலோ நாய் என்று தெரியாது. சத்தம் நிற்காவிட்டால் பக்கத்து வீட்டில் லைட் எரியும் என்பது மட்டும் தெரியும்.

ரப்பர் விளைக்குள் (தோட்டத்துக்குள்) தனித்து நிற்கிற வீடு, ஷீட் காய வைக்கிற புகைக்கூடு, தேங்காய் குவித்த கொட்டில் என்றால் இரண்டாவது வேலையும் வேண்டும். மூன்றாவதைப் பயிற்சி இல்லாத நாயிடம் எதிர்பார்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது. காலையில் நடை வரைக்கும் கூடையோடு வருகிற மீன்காரம்மாவுக்கும், விடியுமுன் தலையில் விளக்கோடு ரப்பர் பால் வெட்ட வருகிறவருக்கும், கள்ளனுக்கும் நாய்க்கு வித்தியாசம் தெரிய வேண்டுமே. ஆபத்து வரக்கூடிய மிருகத்தை அசட்டையாக வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி குற்றம்: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. ‘நாய் ஜாக்கிரதை’ பலகை மாட்டினால் பொறுப்பு கழன்றுவிடும் என்று நினைக்க வேண்டாம்.

வாரியல் பக்கம்

சிப்பிப்பாறையும் கன்னியும் அண்ணன் தம்பி மாதிரி. சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்தில் ஊர்ப்பெயர். கரிசல் வெயிலில் முயல் விரட்டி வளர்ந்த இனம். கன்னி பெரும்பாலும் கருப்பும் செம்பழுப்புமாக இருக்கும். 15 முதல் 20 கிலோ எடை, முதுகுத் தண்டும் கடைசி இரண்டு விலா எலும்பும் லேசாகத் தெரியும் உடம்பு. ‘சோறு போடுவதில்லையா?’ என்று வருகிறவர்கள் கேட்பார்கள், கண்டுகொள்ள வேண்டாம், அதன் வாகு அப்படி. மாதம் ஒரு குளி, வாரம் ஒரு தடவை ஈரத்துணியால் துடைப்பு, முடிக்கான வேலை அவ்வளவே. மழையில் நனைந்தாலும் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். குமரியில் இதற்கு ஈடான சௌகரியம் வேறு இல்லை.

குறைகளும் உண்டு. இனமாகவே குரைப்பு குறைவு. அந்நியரைக் கண்டால் ஒதுங்கி நின்று அளக்கும், எல்லை தாண்டினால்தான் சத்தம் போடும். காது மந்தமான முதியவர்களை எழுப்ப இது போதாது. ஓடுகிற எதையும் துரத்துவது அதன் ரத்தத்தில் உள்ளது, பக்கத்து வீட்டுச் சேவல் ஒன்று போனால் வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இருக்காது. நான்கரை அடி மதிலை ஒரே தாவில் தாண்டும். ஆறடி மதில் வேண்டும், அதை ஒட்டித் தேங்காய்க் கதம்பையோ (மட்டையோ) செங்கல்லோ குவித்திருந்தால் ஆறடியும் பிரயோஜனம் இல்லை. தோலுக்கு அடியில் கொழுப்பு இல்லாததால் சிமென்ட் தரையில் படுத்துப் படுத்து முழங்கையில் காய்ப்பு வரும், அரை அங்குலக் கனத்தில் ரப்பர் மேட் போட வேண்டும். சணல் சாக்கு ஈரம் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று, கருத்தடைக்குக் கொண்டுபோகும்போது ‘இது வேட்டை நாய் இனம்’ என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தயோபென்டோன் போன்ற பழைய மயக்க மருந்துகளிலிருந்து இந்த ஒல்லி இனங்கள் தெளிய வழக்கத்தைவிட அதிக நேரம் எடுக்கும்.

ராஜபாளையம் உருவத்தில் அடுத்த படி. தோளில் 65 முதல் 75 சென்டிமீட்டர், பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ல் தபால்தலையில் இடம்பெற்ற இந்திய நாய்களில் ஒன்று. கனத்த குரல், ஒரே எஜமானைச் சுற்றும் குணம், மதிலுக்கு உள்ளே தன் ராஜ்ஜியம் என்ற நினைப்பு. விளை வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கஷ்டம். முடி கொட்டுவது கொஞ்சம்தான், ஆனால் பழைய வீடுகளின் கருப்புத் தரையிலும் சிவப்பு ஆக்சைடு தரையிலும் ஒவ்வொரு வெள்ளை முடியும் பளிச்சென்று தெரியும். வெள்ளை டைல்ஸ் வீட்டுக்காரர் அதே நாயை ‘கொட்டவே கொட்டாது’ என்பார்.

இந்த இனத்தின் உண்மையான சிக்கல் காது. நிறமி இல்லாத வெள்ளைத் தோலோடு பிறவிச் செவிட்டுத்தன்மை சேர்ந்து வருவது பல வெள்ளை நாய் இனங்களில் உள்ளது, ராஜபாளையத்தில் அது கூடுதல். நீலக்கண் குட்டியென்றால் இரட்டிப்பு எச்சரிக்கை. காது கேட்காத காவல் நாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சோதிக்கும் முறை இதுதான். ஆறு வாரம் தாண்டிய குட்டியை மற்ற குட்டிகளிடமிருந்து பிரித்துத் தனி அறையில் விடுங்கள், கூட்டத்தில் விட்டால் மற்றவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பும். அது வேறு எதையோ முகர்ந்துகொண்டிருக்கும்போது, பின்னால் ஆறடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கை தட்டினால் காற்றசைவும், தட்டைத் தரையில் போட்டால் அதிர்வும் போய்ச் சேர்ந்துவிடும், அதனால் அவை வேண்டாம். இடது பக்கம் இரண்டு தடவை, வலது பக்கம் இரண்டு தடவை. ஒரு காது மட்டும் கேட்கிற குட்டி சத்தம் வந்ததை உணரும், ஆனால் திசை தெரியாமல் தப்பான பக்கம் திரும்பும்.

வெள்ளைத் தோல் வெயிலிலும் புண்ணாகும். மூக்கின் மேலும் காது நுனியிலும் முதலில் தெரியும். நண்பகலில் நிழல் இல்லாத இடத்தில் கட்டக்கூடாது.

தேனிப் பக்கத்துக் கோம்பை இன்னும் முரடு. செம்பழுப்பு உடம்பு, கருத்த மூஞ்சி, ராஜபாளையத்தைவிடக் குட்டை, ஆனால் கட்டுமஸ்து. முடிக்கான வேலை ஒன்றுமில்லை. முதன்முதலாக நாய் வளர்ப்பவருக்கும், ஜெபக் கூட்டம், சுயஉதவிக் குழு என்று வாரம் இரண்டு தடவை ஆள் கூடுகிற வீட்டுக்கும் இது சரிவராது. தோட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

டோபர்மேன் வேறு ரகம். ஆண் நாய் 70 சென்டிமீட்டர் உயரம், 40 கிலோவுக்கு மேல். ஒற்றை அடுக்கு முடி, பயிற்சிக்கு மின்னல் வேகத்தில் பிடிபடும், பார்த்ததும் ஆள் பின்வாங்கும். இந்தக் கட்டுரை தேடுகிற எல்லாத் தகுதியும் காகிதத்தில் இதற்கு உண்டு. காகிதத்துக்கு வெளியே இரண்டு விஷயம். முதலாவது, தினமும் ஒரு மணி நேரம் ஓடவும் வேலை செய்யவும் ஆள் வேண்டும். கூட்டில் அடைத்தால் தன் விலாவையே நக்கி நக்கிப் புண்ணாக்கும், பார்த்தவனையெல்லாம் கடிக்க வரும். பட்டிக்கூட்டில் (பட்டி என்றால் இங்கே நாய்) பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற டோபர்மேனைப் பார்த்துவிட்டுத்தான் ‘வெறி பிடித்த இனம்’ என்று ஊர் சொல்கிறது. இரண்டாவது, இதயம். இதயத் தசை விரிந்து பலவீனமாகும் நோய் இந்த இனத்தில் பரம்பரையாக மிக அதிகம். வெளியே ஒன்றும் தெரியாமல் ஐந்து, ஆறு வயதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழும். குட்டியின் தாய் தகப்பன் இரண்டும் உயிரோடு இருக்கின்றனவா, எத்தனை வயது என்று கேட்பது இங்கே மரியாதைக் கேள்வி இல்லை, தேவையான கேள்வி. மூன்று வயதிலிருந்து வருஷத்துக்கு ஒரு ஈசிஜி எடுக்க வேண்டும். தினமும் கூடவே ஓடக்கூடிய இளவட்டம் வீட்டில் இல்லையென்றால் டோபர்மேனை விட்டுவிடலாம்.

இவற்றையெல்லாம் எழுதிய பிறகு சொல்ல வேண்டியது, குமரியின் மேற்குப் பகுதி வீடுகளில் பாதிக்கு நாட்டு நாயே போதும். இங்கத்தி மழைக்கும் புழுக்கத்துக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகிய குட்டை முடி, இயல்பாகவே எல்லை காக்கும் குணம், சத்தத்துக்குப் பஞ்சமில்லை. தெருக்குட்டியை இரண்டு, இரண்டரை மாதத்தில் எடுத்து, தடுப்பூசி போட்டு, ஆறேழு மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால் சிப்பிப்பாறையைவிட நன்றாகக் குரைக்கிற ஒரு காவலாளி. ‘பட்டிதானே’ என்ற இளக்காரம்தான் இதன் ஒரே குறை. அதில் நாயின் தப்பு எதுவும் இல்லை.

சீப்புப் பக்கம்

லாசா ஆப்சோவைப் பொம்மை நாய் என்று நினைத்து வாங்குகிறவர்கள் முதல் கடியில் திருந்துவார்கள். திபெத்தின் மடங்களிலும் பெரிய வீடுகளிலும் உள்கட்டைக் காக்க வளர்த்த இனம் அது. பத்து அங்குல உயரம், ஏழெட்டுக் கிலோ, கூர்மையான காது, அந்நியர் மேல் குறையாத சந்தேகம். முதியவர்கள் மட்டும் உள்ள வீட்டில், கதவுக்கு உள்ளே படுக்கும் அலாரம் வேண்டுமென்றால் முடி கொட்டாத இனங்களில் முதல் இடம் இதற்குத்தான். இதே தோற்றத்தில் விற்கப்படும் ஷிட்சு அந்நியர் மடியிலும் ஏறி உட்காரும். குட்டியில் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம், தாயைப் பார்த்தால் தெரிந்துவிடும்: லாசாவின் மூக்கு கொஞ்சம் நீளம், கேட்டில் ஆள் வந்தால் முதலில் அது குரைக்கும்.

முழு நீள முடியோடு லாசாவை இந்த ஊரில் வைத்திருப்பது வீம்பு. முடி வெட்டும் மெஷினில் 7எஃப் பிளேடு போட்டு மூன்று மில்லிமீட்டருக்கு உடம்பை ஒட்ட எடுத்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை அதைத் திரும்பச் செய்தால், வாரம் இரண்டு நாள் பத்துப் பத்து நிமிடச் சீப்பு போதும். சீப்பு போடுவதிலும் முறை உண்டு. காய்ந்த முடியில் இழுத்தால் முறியும், முதலில் தண்ணீரை லேசாகத் தெளிக்க வேண்டும். பாதத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி, ஒரு கையால் முடியைப் பிரித்துத் தோல் வெள்ளையாகத் தெரியும்படி வகிடு எடுத்து, வகிட்டுக்குக் கீழே உள்ள வரியை மட்டும் ஸ்டீல் சீப்பால் அடிவரை வார வேண்டும். பிறகு அரை அங்குலம் மேலே அடுத்த வகிடு. மேலாக பிரஷ் போட்டால் பார்வைக்குப் பஞ்சு மாதிரி இருக்கும், அடியில் கம்பளிப் பாய் நெய்துகொண்டிருக்கும். சடை முதலில் பிடிக்கிற இடங்கள் காதுக்குப் பின்னால், முன்னங்கால் அக்குள், தொடை இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடி, விரல் இடுக்கு.

சடை இருக்கும்போது குளிப்பாட்டக்கூடாது, தண்ணீர் பட்டால் முடிச்சு இறுகும். கத்தரிக்கோலை நேராக விட்டால் சடையோடு சேர்ந்து கூடாரம் மாதிரி எழுந்து நிற்கிற தோலும் வெட்டுப்படும். வீட்டில் நடக்கிற காயங்களில் இது சகஜம். தோலுக்கும் சடைக்கும் நடுவில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே மட்டும் வெட்ட வேண்டும்.

மினியேச்சர் ஷ்னாசர் முரட்டு முடி, தாடி, ஓயாத குரைப்பு. முடி கொட்டுவது மிகக் குறைவு, மழைச் சேறும் லாசாவில் ஒட்டுவது போல ஒட்டாது. ஆரல்வாய்மொழி, தோவாளை, அகஸ்தீஸ்வரம் மாதிரி மழை குறைந்த, காற்று ஓயாத கிழக்குப் பகுதியில் நன்றாகவே இருக்கும். ஆனால் இந்த இனத்துக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறும் பரம்பரை உண்டு, கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகும். தேங்காய் அரைத்த மீன் குழம்பு மீதி, பொரித்த சாளை (மத்தி) மீனின் எண்ணெய், மாட்டுக் கொழுப்பு எதுவும் அதன் வாயில் படக்கூடாது. தேங்காய் இல்லாமல் சமையலே இல்லாத நம் வீட்டில், ‘ஒரு வாய்தானே’ என்று பாட்டி போடுகிற மீதியைத் தடுக்க முடியுமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

பூடிலில் பெரிய அளவான ஸ்டாண்டர்ட் பூடில்தான் உருவம், புத்தி, முடி கொட்டாமை மூன்றும் சேர்ந்தது. 45 முதல் 60 சென்டிமீட்டர், அந்நியரைக் கவனிக்கும், நன்றாகக் குரைக்கும், தண்ணீரில் வேலை செய்யப் பிறந்ததால் மழைக்கும் அஞ்சாது. இங்கே ‘பூடில்’ என்று வருவது பெரும்பாலும் டாய் என்கிற மிகச்சிறிய அளவுதான், ஸ்டாண்டர்ட் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை முழு உடம்புக்கும் மெஷின் போட வேண்டும். சின்ன நாய்க்கு ஒரு மணி நேரம் பிடிக்கிற வேலை இதற்கு மூன்று மணி நேரம். மெஷின் வாங்கி நீங்களே கற்றுக்கொள்ளத் தயார் என்றால் மட்டும் தேடுங்கள். ஏர்டேல் டெரியர், ஜெயன்ட் ஷ்னாசர் இரண்டும் காவலுக்கும் முடிக்கும் நல்ல பொருத்தம்தான், குட்டிக்கு எங்கே போவது? லாப்ரடூடில் போன்ற கலப்பில் ஒரே ஈற்றில் ஒரு குட்டி கொட்டும், ஒன்று கொட்டாது, காவல் குணமும் உறுதியில்லை.

ராட்வைலர் கேட்கிறவர்களுக்கு: அதற்கும் அடிக்கம்பளி உண்டு, முடி கொட்டும். 2024 மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் ஆபத்தானவை என்று குறித்த 23 இனங்களில் அதுவும் ஒன்று. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. சட்டச் சண்டை ஒரு பக்கம் கிடக்கட்டும், முடிக் கணக்கிலேயே அது இந்தப் பட்டியலில் தோற்றுவிட்டது.

உண்ணி

குமரியில் நாயைக் கொல்வது கள்ளன் இல்லை, உண்ணி. சீப்பு, வாரியல் தேர்வு இங்கேதான் உயிர் விஷயமாகிறது. கன்னியின் முதுகில் கையை ஓட்டினால் கடுகு அளவு உண்ணியும் விரலில் தட்டும். அடர்ந்த லாசாவில் அது ரத்தம் குடித்துக் கொத்தமல்லி விதை அளவு வந்த பிறகுதான் தெரியும். தினமும் சாயங்காலம் இரண்டு நிமிடம் போதும்: காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடி, விரல் இடுக்கு, வாலுக்கு அடி. நுனி கூர்மையான சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். மண்ணெண்ணெய் தொட்டு வைப்பதும், விரலால் நசுக்குவதும் வேண்டாம்.

நாயின் மேல் இருப்பது மொத்த உண்ணியில் சின்னப் பங்குதான். வயிறு நிறைந்த பெண் உண்ணி இறங்கிப் போய்ச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஓலை வேய்ந்த, பூசாத செங்கல் பட்டிக்கூடு உண்ணிக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. கூட்டை உள்ளும் புறமும் சிமென்ட் பூசி வழவழப்பாக்கி, விரிசலை அடைத்து, தரையைச் சாய்வாகப் போட்டால் பாதி வேலை முடிந்தது. நாய்க்கு வாய்வழி மாத்திரை நல்லது: ஃப்ளூரலேனர் பன்னிரண்டு வாரம் நிற்கும், அஃபாக்சலேனர் ஒரு மாதம். எடைக்குத் தக்க அளவு, வலிப்பு வந்த நாய்க்கு மருத்துவரைக் கேட்காமல் கூடாது. 12.5 சதவீத அமிட்ராஸ் குப்பியை எடுத்தால் லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி, காயும் வரை நாய் நக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாலு மாதத்துக்குக் கீழே உள்ள குட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

உண்ணி ஏறி ஒன்றிரண்டு வாரத்தில் நாய் சோறு தின்னாமல் படுத்தால் கீழுதட்டை விரித்து ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, மூத்திரம் கட்டன் காப்பி (பால் இல்லாத காப்பி) நிறத்தில் போனாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. நாளைக்குப் பார்க்கலாம் என்பதில் நிறைய நாய்கள் போயிருக்கின்றன. வயலும் ஓடையும் பக்கத்தில் உள்ள வீடுகளில் எலிக்காய்ச்சலும் உண்டு, வருஷாந்திரத் தடுப்பூசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று அட்டையைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

குட்டி பார்க்கப் போகும்போது

எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு விதி. ‘நாற்பது நாள் ஆச்சு, கொண்டுபோங்க’ என்கிறவரிடம் வாங்க வேண்டாம். தாயைக் காட்டச் சொல்லுங்கள். கையை நனைத்து, அல்லது ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, தாயின் முதுகில் தோளிலிருந்து வால் வரை பத்துத் தடவை அழுத்தித் தடவுங்கள். உள்ளங்கையில் ஒட்டுகிற முடியின் அளவுதான் உங்கள் வீட்டில் கொட்டப்போவது. குட்டியின் முடி ஒரு வயது வரை மாறிக்கொண்டே இருக்கும், அதைத் தடவி ஒன்றும் தெரியாது. ஈன்று மூன்று மாதத்துக்குள் தாய்க்கு வழக்கத்தைவிட அதிகம் கொட்டும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்ற பெயரில் கலப்புக் குட்டி நிறைய வருகிறது. தாய் தகப்பன் இரண்டையும் பார்க்காமல் பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு முடி திடீரென்று அதிகம் கொட்டினால் இனத்தைத் திட்டுமுன் தட்டைப் பாருங்கள். பால்சோறும் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கும்) மட்டும் தின்கிற நாய்க்கு முடி நிற்காது, முடியில் பெரும்பகுதி புரதம். உப்பும் மசாலாவும் போடாமல் வேகவைத்து முள் எடுத்த சாளை, 20 கிலோ நாய்க்கு வாரம் மூன்று நாள், நாளுக்கு மூன்று மீன். ஆறேழு வாரத்தில் முடியில் மினுக்கம் வரும், கொட்டுவதும் குறையும். நெத்தோலிக் கருவாடு வேண்டாம், உப்பு. வட்ட வட்டமாக முடி போனால் அது சாப்பாட்டுக் கோளாறு இல்லை, படையோ சொறிப் பூச்சியோதான். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற மருத்துவரிடம் போக வேண்டும்.

எந்த மாதம் கொண்டுவருவது என்பதும் பலர் யோசிக்காதது. ஜூனில் வந்த குட்டி, தடுப்பூசிச் சுற்று முடியாமலே மழைக்குள் மாட்டும், காயாத தரையில் படுக்கும், பார்வோ என்ற வைரஸ் நோய் வந்த தெருநாய் நடந்த சேற்றை முகரும். தை மாதத்தில் எட்டு வாரக் குட்டியாக வந்தால், மூன்று நான்கு வார இடைவெளியில் ஊசிகள் முடிந்து பதினாறு வாரம் ஆகும்போது பங்குனி. வெறிநாய்க்கடி ஊசியும் அதற்குள் போட்டாகிவிடும். நல்ல வெயில் இரண்டு மாதம் மீன்காரம்மா, கேஸ் சிலிண்டர்காரர், குடை, ஹெல்மெட், பள்ளிப் பிள்ளைகள் எல்லாவற்றையும் காட்டிப் பழக்க நேரம் கிடைக்கும். முதல் இடவப்பாதி இடி இடிக்கும்போது குட்டிக்கு ஆறு மாதம் போல ஆகியிருக்கும்.